காதுமகானின் ஆரஞ்சுப் பெட்டி

“அழிக்கத்தான் போறேன். எல்லாப் பாட்டையும். இன்னிக்கே!”

“அழிங்க! என்னையும் சேர்த்து அழிச்சிடுங்க. வீட்டுல இடமாவது மிச்சமாகும்!”

ஒலிப்பதிவுக் கூடத்துக் கதவு ஒரு பொட்டுச் சத்தத்தையும் வெளியே விடாது. சண்டை நடந்தபோது அது திறந்து கிடந்ததால் தெருவே கேட்டது. வாசலில் நின்ற ஒருவருக்கும் அதைச் சாத்த மனம் வரவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பாதியில் சாத்துவது பாவம் அல்லவா?

கத்தியது கூடத்தின் முதலாளி. திருப்பிக் கத்தியது அவர் மனைவி. ஒரு வருஷமாகச் சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் நடுவே, கிடைத்த நேரத்தில் அவள் பாடிச் சேர்த்த பாட்டுகள் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தன. சொந்தமாக அவள் வெளியிட நினைத்த முதல் தொகுப்பு. அதை அழித்துத் தலைமுழுகத்தான் அன்று மதியம் காரியம் குறித்திருந்தார்கள்.

குறித்தவர் காதுமகான், குரலுக்கு உயிர் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு பெட்டியோடு வந்து சேர்ந்தவர்.

அவர் வந்ததிலிருந்து கூடத்தின் படிக்கட்டில் உட்கார இடமில்லை. விளம்பரக் குரல்காரர், கல்யாண மேடைப் பாடகர்கள், புல்லாங்குழல்காரர், தலை நரைத்த பிறகு பாட ஆசை வந்த வங்கி மேலாளர் என்று எல்லாரும் முன்பதிவு செய்து காத்திருந்தார்கள். காரணம், மகானின் பெட்டி. பழைய காலத்து மோஸ்தரில், குரலின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கிற ஒரு ஈக்குவலைசர். நீல முகப்பு, கட்டை விரல் பருமனில் கறுப்புத் திருகுகள், கம்பிவலைக்குப் பின்னால் ஆரஞ்சு வெளிச்சம். அந்த வெளிச்சம் பழங்காலக் கண்ணாடி வால்வுகளிலிருந்து வருகிறது என்றும், செத்துப்போன மகா பாடகர்களின் மூச்சு அவற்றில் அடைந்திருக்கிறது என்றும் மகான் சொன்னார். மூச்சு எப்படி உள்ளே போனது என்று யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் படித்தவர்கள். படித்தவர்கள் அப்படியெல்லாம் சட்டென்று கேட்டுவிட மாட்டார்கள்.

பெட்டியைக் கிழக்குப் பார்த்து வைக்க வேண்டுமாம். ஒரு மணி நேரம் சூடேற்ற வேண்டுமாம். திருகை அவர் மட்டும்தான் தொடலாம், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. அடிக்குரலைக் கொஞ்சம் கூட்டுவார், அதே அடிக்குரலை வேறொரு திருகால் கொஞ்சம் குறைப்பார். “கேட்டீங்களா, உயிர் வந்துடுச்சு!” என்பார். “வந்துடுச்சு சாமி!” என்று வங்கி மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கட்டணத்தை மட்டும் மகான் கண்ணைத் திறந்து வாங்குவார்.

மனைவி ஒருநாள் வாய்தவறி, “ஏன் சாமி, அந்த மூடியைக் கொஞ்சம் கழட்டிக் காட்டுங்களேன்” என்று கேட்டுவிட்டாள். மறுவாரமே அவள் குரலில் தோஷம் இருப்பது மகானுக்குப் புலப்பட்டது. என்ன கூர்மையான காது! அந்தப் பாட்டுகள் கம்ப்யூட்டரில் இருக்கும்வரை பெட்டியில் உயிர் தங்காது என்றார். புருஷனும் நம்பினார்.

சண்டை உச்சத்தில் இருந்தபோது முதலாளியின் அக்கா உள்ளே வந்தாள். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். தம்பியைத் திட்டும் வாய்ப்பை இதுவரை ஒன்றுகூட அவள் தவறவிட்டதில்லை.

“டேய், என்னடா ஊரைக் கூட்டுற?”

“அக்கா, உனக்கு இதெல்லாம் புரியாது.”

“புரியாதுடா. அதான் சோதிச்சுப் பார்க்கலாங்கிறேன். நம்ம கடைக்குக் கண்ணு நல்லா இருந்தும் கண்ணாடி போட ஆசைப்பட்டுச் சில பேர் வருவாங்க. ஒரே லென்ஸை ரெண்டு தடவை மாட்டி எது தெளிவுன்னு கேப்பேன். ரெண்டாவதுதான் தெளிவுன்னு சத்தியம் பண்ணுவாங்க. காசு வாங்காம வீட்டுக்கு அனுப்பிடுவேன்.” பிறகு தம்பி மனைவியைப் பார்த்தாள். “அழாதம்மா. இந்தக் கம்பியெல்லாம் உனக்குக் கழட்டத் தெரியுமில்ல?”

“நான்தானே அண்ணி மாட்டினேன்.”

மகான் வந்ததும் அக்கா கும்பிட்டாள். “சாமி, உங்க காதைப் பத்தி ஊரே பேசுது. பெட்டிக்கு முதுகைக் காட்டி உக்காந்தாலும், பாட்டு பெட்டி வழியா வருதா இல்லையான்னு கண்டுபிடிச்சிடுவீங்களாமே?”

படிக்கட்டுக் கூட்டம் மொத்தமும் உள்ளே நின்றது. இல்லை என்று சொல்ல மகானால் முடியுமா? “தூக்கத்துலகூடச் சொல்லுவேன்” என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஜன்னல் திரையைக் கழற்றிப் பெட்டிக்கு முன்னால் தொங்கவிட்டார்கள். அக்காவும் பாடகியான தம்பி மனைவியும் அதற்குப் பின்னால் போனார்கள்.

மனைவியின் பாட்டு ஒலித்தது.

“சாமி, இது ஒண்ணு.”

மகான் முகம் சுளித்தார். “தோஷம் வழியுது. பெட்டி இல்லாத வெறும் குரல்.”

“ஐயோ, தலை வலிக்குது” என்றார் வங்கி மேலாளர்.

திரைக்குப் பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதே பாட்டு, அதே வரி.

“இது ரெண்டு.”

மகான் இரு கையையும் தூக்கினார். “ஆஹா! இதோ பெட்டி! தோஷமெல்லாம் கழுவிப் போச்சு. தேன்! சுத்தத் தேன்!”

“தேன்!” என்றது கூட்டம். புல்லாங்குழல்காரருக்குப் புல்லரித்தது.

அக்கா திரையை விலக்கினாள். பெட்டி ஆரஞ்சாக மின்னிக்கொண்டிருந்தது. ஆனால் பாட்டு உள்ளே போகிற கம்பியும் இல்லை, வெளியே வருகிற கம்பியும் இல்லை. இரண்டையும் பிடுங்கி ஒன்றோடொன்று நேராக மாட்டியிருந்தாள் பாடகி. அக்கா கையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை மறுபடி மூடினாள். டக்!

“ரெண்டு தடவையும் வெறும் குரல்தான் சாமி. உங்க வாயாலேயே தேன்னு சொல்லிட்டீங்க. நன்றி.”

மகான் லேசில் விழவில்லை. “கம்பி எதுக்கு? பெட்டி பக்கத்துல இருந்தாலே அருள் பரவும்!”

“ஆமா, பரவும்” என்றார் வங்கி மேலாளர்.

“அப்ப அடுத்த கட்டடத்து மரப்பட்டறை ரம்பமும் ராகம் பாடணுமே! காதைக் குடுத்துக் கேளுங்க, பாடுதான்னு” என்றாள் அக்கா.

யாரோ சிரித்தார்கள். புருஷன் மட்டும் சிரிக்கவில்லை. திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினார். வால்வும் இல்லை, மூச்சும் இல்லை. புத்தம்புதுச் சர்க்யூட் பலகை ஒன்று, பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு குட்டி பல்புகள். அவர் நிமிர்ந்தபோது மகானின் நாற்காலி காலியாக இருந்தது.

“ஏங்க,” என்றாள் மனைவி, “இப்ப அழிக்கலாமா?”

பாவம், அந்தப் பெட்டி ஒரு குற்றமும் செய்யவில்லை. அவள் கம்பிகளை முறையாக மாட்டி, கண்ணைத் திறந்தபடியே திருகினாள். குரலுக்குக் கொஞ்சம் கனம் சேர்ந்தது, மேலே கொஞ்சம் பளபளப்பு. இரண்டு பாட்டுக்கு அது பொருந்தியது. மற்றவற்றுக்கு வேண்டாம் என்று அணைத்துவிட்டாள். தொகுப்பு வெளிவந்தது. நாத்தனார் விதித்த தண்டனைப்படி புருஷன் இன்னும் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அது எத்தனை நாளைக்கு என்று நாத்தனார் சொல்லவில்லை.

புல்லாங்குழல்காரர் விளம்பரக் குரல்காரரின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு தெருவுக்குப் போய்விட்டார். காதுமகான் வேறு ஊருக்குப் போய், ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் சக்திக் கல் விற்கிறாராம். வங்கி மேலாளர் விருப்ப ஓய்வு வாங்கி, வீட்டைக் காலி செய்துகொண்டு அவர் பின்னாலேயே போய்விட்டார். நம் ஆட்கள் நம்புவதற்கு மூட்டை கட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போவார்கள். உட்கார்ந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசிக்கச் சொன்னால்தான் நேரமிருக்காது.