மூன்றாவது மேஜையில் இதயம்

‘நறுக்’ என்றது.

சத்தம் சின்னதுதான். ஆனால் டெம்பரரி மேடத்துக்குத் தன் முதுகெலும்பே முறிந்த மாதிரி கேட்டது. சின்னத் திருகைத் திருப்ப வேண்டிய கை, பதற்றத்தில் பெரிய திருகைத் திருப்பிவிட்டது. மைக்ராஸ்கோப்பின் லென்ஸ் சர்ரென்று இறங்கி, கீழே இருந்த கண்ணாடி ஸ்லைடை நொறுக்கியிருந்தது. முதல் வருஷப் பிள்ளைகள் இதைச் செய்தால் அவளே வெளியே நிற்க வைப்பாள்.

“என்ன மேடம், போயிடுச்சா?” என்றாள் மேஜை துடைத்துக்கொண்டிருந்த அட்டெண்டர் அக்கா.

“இதயம் போச்சுக்கா.”

“வேற இருக்குமே.”

“இருந்ததெல்லாம் பசங்க உடைச்சாச்சு. பசங்ககிட்டேருந்து தப்பிச்சது இது ஒண்ணுதான்.”

“கடைசியில உங்ககிட்ட மாட்டிக்கிச்சு.”

மருத்துவக் கல்லூரியின் அந்த ஆய்வுக்கூடத்தில் அன்று செயல்முறைத் தேர்வு. மூன்று மேஜை, மூன்று தசை. முதல் மேஜையில் எலும்புத் தசை. கை காலை ஆட்டுவது, சொன்னால் கேட்பது. இரண்டாவதில் மென்தசை, குடலிலும் ரத்தக் குழாயிலும் இருப்பது, சொன்னாலும் கேட்காதது. மூன்றாவதில் இதயத் தசை. யாரும் சொல்லாமலே ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் உழைப்பது. டெம்பரரி மேடம் அந்த மூன்றாவது ரகம். சேர்ந்த நாளிலிருந்து தற்காலிக ஆசிரியை. பட்டப்பெயர் நிலைத்துவிட்டது; வேலைதான் நிலைக்கவில்லை.

“இன்னைக்குப் பரீட்சை பிரச்சினை இல்லாம முடியட்டும். உங்க ஃபைலை நானே மேல அனுப்பறேன்” என்று காலையில்தான் துறைத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். முடிந்தால் நிரந்தரம். முடியாவிட்டால் வீடு.

செல்போன் அதிர்ந்தது. கணவர்.

“என்ன, ஆயிடுச்சா?”

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க.”

“அம்மா கேக்கச் சொன்னாங்க.”

“பரீட்சை பசங்களுக்கு, எனக்கில்லன்னு அத்தைகிட்ட சொல்லுங்க.”

வைத்துவிட்டாள். சொன்னதில் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

ஸ்லைடு பெட்டியைக் குடைந்தாள். நாக்கு அகப்பட்டது. நாக்கில் இருப்பதும் எலும்புத் தசை வகைதான். ஆனால் இழைகள் நெடுக்கிலும் குறுக்கிலும் பின்னிக் கிடக்கும். அவசரமாகப் பார்த்தால் இதயத் தசையின் கிளைகள் மாதிரித் தோன்றும். இதயம் இருந்த இடத்தில் நாக்கை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. மாணவர்கள் வரிசையாக மேஜை மாறினார்கள். முதலில் வந்தவர்கள் குனிந்தார்கள், ‘இதயம்’ என்று எழுதினார்கள், நகர்ந்தார்கள். மேடத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வகுப்பே ‘டவுட்டு’ என்று கூப்பிடும் பெண் வந்து குனிந்தாள். நிமிரவில்லை.

“மேடம், ஒரு டவுட்.”

“பரீட்சையில டவுட் கேக்கக் கூடாது. தெரிஞ்சதை எழுது.”

“தெரிஞ்சதை எழுதினா தப்பாயிடுமோன்னுதான் மேடம் கேக்கறேன்.”

“எழுதிட்டு நகரு.”

இனி யாரும் இவ்வளவு கூர்ந்து பார்த்துவிடக் கூடாது. டெம்பரரி மேடம் போகிற போக்கில் திருகை ஒரு திருப்புத் திருப்பிவிட்டாள். காட்சி லேசாக மங்கியது. மங்கியதில் தசையின் குறுக்கு வரிகள் காணாமல் போயின. வரி இல்லாத தசை என்றால் மென்தசை. அடுத்து வந்தவர்கள் அத்தனை பேரும் ‘குடல்’ என்று எழுதினார்கள்.

தேர்வு முடிந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் விடைத்தாள்களைப் புரட்டினார்.

“ஒரே ஸ்லைடு. பாதிப் பேர் இதயம்கிறாங்க, பாதிப் பேர் குடல்கிறாங்க. ஒரு பொண்ணு நாக்குன்னு எழுதியிருக்கு. என்ன சார் இது?”

துறைத் தலைவர் பாய்ந்து போய்க் குனிந்தார். திருகைத் தொடக்கூட இல்லை.

“அருமையான இதயத் தசை சார். பசங்களுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு.”

தேர்வாளர் தானே உட்கார்ந்தார். திருகை நிதானமாகத் திருப்பினார். டெம்பரரி மேடத்துக்குள் அந்த நேரம் மூன்று தசைகளும் தனித்தனியாகப் பாடம் நடத்தின. ஓடு என்று காலுக்குச் சொன்னாள். சொன்னால் கேட்கும் தசை கேட்கவில்லை. வயிறு தன் இஷ்டத்துக்குப் பிசைந்தது. இதயம் சொல்லாமலே இரட்டிப்பாக உழைத்தது.

‘டவுட்டு’ அழைக்கப்பட்டாள்.

“கிளை பிரியல சார், குறுக்க போகுது” என்றாள் அவள். “நியூக்ளியஸ் நடுவுல இல்ல, ஓரத்துல நிறைய இருக்கு. இதயத் தசையில இருக்கிற அந்தப் படிக்கட்டுக் கோடும் இல்ல.”

“அதிகப்பிரசங்கித்தனம்” என்றார் துறைத் தலைவர்.

தேர்வாளர் டெம்பரரி மேடத்தின் பக்கம் திரும்பினார். “நீங்கதானே இவங்களுக்குப் பாடம் எடுக்கறது. நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

அவள் குனிந்தாள். நாக்கு பளிச்சென்று தெரிந்தது. நிமிர்ந்தபோது அந்தப் பெண் அவளையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதயத் தசைதான் சார்.”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவர்கள் பேச வேண்டும் என்று இருவரையும் வெளியே அனுப்பினார்கள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

வராந்தா பெஞ்சில் காத்திருந்தவளிடம் அட்டெண்டர் அக்கா வெள்ளைத்தாளும் பேனாவுமாக வந்தாள்.

“அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரின்னு வந்தவர் சொல்லிட்டார். அதுக்கு முழு மார்க்காம்.”

“எனக்கு?”

“தெரிஞ்சே பொய் சொன்னீங்களா, நிஜமாவே தெரியாதான்னு எழுதிக் குடுக்கணுமாம்.”

“பொய்னு எழுதினா?”

“பரீட்சையை மறுபடி வைக்கணும், உங்களை அனுப்பணும். காலேஜ் மானம் போயிடுமாம்.”

“தெரியாதுன்னு எழுதினா?”

“குழப்பமான கேள்வின்னு அந்த ஒண்ணை மட்டும் தள்ளிடுவாங்களாம். உங்க ஃபைல் இன்னைக்கே மேல போகுமாம்.”

டெம்பரரி மேடம் தாளைப் பார்த்தாள். “இத்தனை வருஷமா பாடம் எடுக்கறேன். நாக்குக்கும் இதயத்துக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு என் கையாலயே எப்படிக்கா எழுதறது?”

அட்டெண்டர் அக்கா பேனாவின் மூடியைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள்.

“இதுல என்ன கூச்சம் மேடம். தலைவர் சாரும் நிரந்தரம் ஆகறப்ப இதையேதான் எழுதிக் குடுத்தாரு. என்ன, அவரு எழுதினது நிஜம்.”