பேத்தியின் போர்வையும் என் கடைசித் துணியும்

786

காஜிமார் தெரு, மதுரை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அசீம் அவர்களுக்கு மாமனார் முகமது யாசீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும், என் மகள் ஃபாயிஸாவும், பேத்தி ஷைமாவும், தங்கள் தாயாரும் ஒத்தக்கடையில் நலமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே தங்கள் மாமியார் அஜ்மல் பீவி நலம். பூனைகள் மூன்றும் தேவைக்கு அதிகமாகவே நலம். என்னைப் பற்றி டாக்டர் சொன்னது, "வயசுக்கு நல்லாத்தான் இருக்கீங்க" என்பது. சுவரில் விரிசல் விட்ட வீட்டைப் பார்த்து மேஸ்திரி சொல்வதும் அதையேதான்.

போன் இருக்கும் இந்தக் காலத்தில் மாமா ஏன் தாங்கள் வேலை பார்க்கும் கல்லூரி ஆபீஸ் விலாசத்துக்குக் கடிதம் போடுகிறார் என்று நினைப்பீர்கள். தங்கள் போனை எடுப்பது ஃபாயிஸா, என் போனை நோண்டுவது அவளுடைய அம்மா. இது நம் இருவருக்குள் இருக்க வேண்டிய விஷயம். தங்கள் வீட்டிலிருந்து ஒரு போர்வையை யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தர வேண்டும். பிள்ளை படுத்திருக்கும் அந்த ஒட்டுப்போர்வைதான்.

என் வீட்டு நிலவரம் தெரியாமல் தங்களுக்கு இது விளங்காது. தங்கள் மாமியாரும், அவளுடைய சிநேகிதி பாண்டிமீனாவும் சேர்ந்து பழைய சேலை, சட்டை எல்லாவற்றையும் துண்டு போட்டுப் போர்வை தைக்கத் தொடங்கியதிலிருந்து முன்னறை எனக்கில்லை. கறுப்பு உடம்பில் தங்கப் பூப்போட்ட பழைய தையல் மிஷின் ஏற்கெனவே ஒன்று உண்டு. பாண்டிமீனா வண்டியூரிலிருந்து தன் மிஷினையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள், அதோடு ஒரு பூனையும் இறங்கியது. மூன்றாவது மிஷின் உதிரிபாகத்துக்காக வாங்கியது, ஓடாது, அதன் மேல் சுல்தான் என்கிற கொழுத்த பூனை படுத்திருக்கும். ஓடுகிற மிஷினின் மிதிபலகையில் ஒரு பூனை தூங்கிவிட்டால் அன்றைக்குத் தையல் நிற்கும், பூனையை எழுப்புவது கிடையாது. நான் நாற்காலியில் கண் அசந்தால் மட்டும், "எந்திரிங்க, துணி விரிக்கணும்" என்று எழுப்புவார்கள். என் சட்டைகளில் நல்லதாக இருந்தவை எல்லாம் இப்போது யார் யார் வீட்டிலோ போர்வையாக இருக்கின்றன, நான் கை ஓரம் நைந்த இரண்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகிறேன்.

அதை எல்லாம் பொறுத்தேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்துவிட்டது. மக்காவுக்கு உம்ரா பயணம் போயிருந்தேன் அல்லவா, அங்கே உடுத்திய வெள்ளை இஹ்ராம் துணி இரண்டையும் ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, அத்தர் தடவி, இரும்புப் பெட்டியில் கொக்கி போட்டு வைத்திருந்தேன். நான் செத்தபின் என் மையித்தைப் பொதிந்து அடக்குவதற்கான கஃபன் துணி அது. யாரிடமும் சொல்லவில்லை. சாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே தங்கள் மாமியார் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்குப் போகும் முன் அதை எடுத்துப் பிரித்து, மோந்து பார்த்து, மடித்து வைப்பேன். எனக்குப் பயம் மாப்பிள்ளை. வெளியே சொல்வதில்லையே தவிர, படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்தத் துணியைத் தொட்டால் மட்டும் கொஞ்சம் அடங்கும்.

ஒரு நாள் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பெட்டி திறந்து கிடக்கிறது, உள்ளே துணியைக் காணோம், சுல்தான் சுருண்டு படுத்திருக்கிறது. பாவி, கொக்கியை நெம்பித் துணியை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறது, பாண்டிமீனா அதைக் கழித்துப் போட்ட துணி என்று குவியலில் சேர்த்திருக்கிறாள் என்று நானாகவே முடிவு கட்டினேன். கேட்கவும் முடியாது. கேட்டால் என்ன துணி, எதற்குத் துணி என்று வரும். குவியலை மூன்று முறை கிளறினேன். "என்னண்ணே தேடுறீங்க?" என்றாள் பாண்டிமீனா. கைலி என்றேன். அவள் எனக்கு ஒரு கைலியின் பாதியை எடுத்துக் கொடுத்தாள்.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்து, தாயையும் பிள்ளையையும் தங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்ட அன்று அது அகப்பட்டது. சீர்ப் பண்டபாத்திரங்களோடு போர்வையையும் பரப்பி வைத்தார்கள். மேல் பக்கம் ஃபாயிஸாவின் பள்ளிக்கூடப் பாவாடையும் என் சட்டைகளும் கட்டம் கட்டமாக இருந்தன. தங்கள் தாயார் புரட்டினார்கள், அடிப்பக்கம் முழுக்க வெள்ளை. மூலையில் 'மு.யா.' என்று என் கையெழுத்து. மக்காவில் ஓர் அறையில் எட்டுப் பேர் தங்கியிருந்தோம், துணி மாறிவிடக் கூடாதே என்று எழுதியது. இதென்ன எழுத்து என்று தங்கள் தாயார் கேட்டதற்கு, சலவைக் குறி என்று தங்கள் மாமியார் கண்ணை இமைக்காமல் சொன்னாள். அத்தனை சொந்தபந்தத்துக்கு நடுவே என் கஃபனைப் பார்த்துக்கொண்டு பிரியாணி சாப்பிட்டேன். போன வாரம் தங்கள் தாயார் போனில், "இதுல போட்டா புள்ள அசையாமத் தூங்குதுங்க" என்று சந்தோஷப்பட்டார்கள். நான் அசையாமல் தூங்குவதற்குத்தான் அதை வைத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வேன்?

பள்ளிவாசல் ஹஜரத்திடம் கஃபனைப் பற்றிப் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். சுத்தமான எந்த வெள்ளைத் துணியும் போதும், வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றார். மார்க்கம் அறிந்தவர் இத்தனை லேசாகச் சொல்லிவிட்டாரே என்று எனக்கு வருத்தம்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிறகொரு நாள் பிள்ளையைப் பார்க்க வந்தபோது தங்கள் வீட்டுக் குளியலறைக்குள் நான் வெகுநேரம் இருந்ததற்குச் சர்க்கரை வியாதி காரணமில்லை. பிள்ளையைக் கொல்லையில் குளிப்பாட்டும் நேரம் பார்த்துப் போர்வையைச் சுருட்டிக்கொண்டு போய், பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிழட்டு மிஷின்களின் தையல் லேசில் விடாது. ஒரு மூலை பிரிந்து, இரண்டாவது துணி உள்ளே இருப்பது தெரிவதற்குள் என் விரல் கிழிந்துவிட்டது. முகம் மழித்தபோது கீறியது என்று தங்கள் தாயாரிடம் சொன்னேன். விரலில் எப்படி மழித்தீர்கள் என்று அவர்கள் கேட்காதது அவர்களுடைய பெருந்தன்மை.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது இதுதான். சலவைக்குப் போடுகிறேன் என்று போர்வையை எடுத்து வாருங்கள். ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் நான் நிற்பேன். அடித்துணியையும் உள்துணியையும் பிரித்தெடுத்துக்கொண்டு, வேறு துணி வைத்து, வெளியே கொடுத்துத் தைத்துத் தந்துவிடுகிறேன். ஃபாயிஸா துருவிக் கேட்டால் பூனை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிவிடலாம். தங்கள் வீட்டில் பூனை இல்லை என்பது எனக்குத் தெரியும். என்னிடம் மூன்று இருக்கின்றன, ஒன்றை முன்கூட்டியே அனுப்பி வைக்கிறேன்.

தங்கள் தாயாருக்கு என் ஸலாம். பேத்திக்கு நீண்ட ஆயுளையும், தங்களுக்கு உத்தியோகத்தில் பரக்கத்தையும், எனக்கு அந்தத் துணியையும் அல்லாஹ் தந்தருள்வானாக.

வஸ்ஸலாம்,
முகமது யாசீன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மேஜையில் வைத்துவிட்டு அஸர் தொழப் போனேன். திரும்பி வந்தபோது அஜ்மல் பீவி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை.

"பூனைக்குக் கொக்கி தெறக்கத் தெரியுமாங்க?" என்றாள். "நான்தான் எடுத்தேன். எதுக்கு வச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் எடுத்துத் தச்சேன். வாரா வாரம் அதை மோந்து பாத்துட்டு வைக்கிறீங்க, நான் அடுப்படியில நின்னு அதைப் பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்க போறதுக்கு எல்லாம் எடுத்து வச்சிட்டீங்க. அதுக்கப்புறம் இந்த வீட்ல நான் யாருகூடப் பேசுவேன், இந்தப் பூனைககூடயா?"

சாவு என்னை என்ன செய்யும் என்று இவ்வளவு நாள் யோசித்தவன், அவளை என்ன செய்யும் என்று யோசிக்கவே இல்லை. போர்வையை எடுக்க வேண்டாம், பிள்ளை அதிலேயே தூங்கட்டும். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும், போடுங்க என்று சொல்லிவிட்டாள். பாண்டிமீனா இன்று வரவில்லை. அஜ்மல் பீவி தன் மிஷின் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, வெட்டிய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கச் சொல்கிறாள். சும்மா கொடுக்கக் கூடாதாம், ஏதாவது பேசிக்கொண்டே கொடுக்க வேண்டுமாம். என்ன பேசுவது என்று தெரியவில்லை. போய் உட்காருகிறேன்.