மேட்டுத் தெருப் படகு

நகராட்சியிடம் ஒரு படகு இருந்தது. ஆரஞ்சு நிறம், ரப்பர் உடம்பு, எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். ஊரில் தண்ணீர் புகக்கூடிய இடம் ஆற்றோரத் தெரு ஒன்றுதான் என்பதால், படகை நனையாமல் பத்திரமாக மேட்டுத் தெருவில், நகராட்சிக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். அதற்குத் தக்க காரணமும் இருந்தது. கொட்டகையின் சாவி அங்கேதான் இருந்தது.

மேட்டுத் தெருவில் இருப்பவர்கள் வெள்ளைத் தோல்காரர்கள். ஆற்றோரத் தெருவில் இருப்பவர்கள் கறுப்புத் தோல்காரர்கள். இரண்டு தலைமுறைக்கு முன்னால் ரயில் பாதை போட வந்தவர்களின் பிள்ளைகள். நிறம் பார்த்து யாரையும் எங்கேயும் குடிவைக்கவில்லை என்று நகராட்சி பலமுறை எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறது. எப்படியோ அவரவர் நிறத்துக்குத் தகுந்த உயரத்தில் அவரவர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆற்றோரத் தெருவில் ஒரு தையல்காரி. முன்னறையில் தையல் மிஷினும் வெட்டு மேசையும், பின்னறையில் கட்டிலோடு கட்டிலாக மாமனார். அவர் பழைய பஸ் டிரைவர். முப்பது வருஷம் கிளட்சும் பிரேக்கும் மிதித்ததில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. யாராவது பிடித்துக்கொண்டால் நாலு எட்டு வைப்பார். கணவனுக்கு வெளியூரில் வேலை. ஆறு உள்ளே வந்தால் மாமனாரைத் தூக்கிக்கொண்டு ஓட அவள் ஒருத்தியால் ஆகாது. அதனால் நகராட்சியிடம் அவளுக்கு ஒரே ஒரு கோரிக்கை: படகை எங்கள் தெருவில் வையுங்கள். பதினோரு வருஷமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நகராட்சியும் சும்மா இருக்கவில்லை. வருஷம் தவறாமல் அவசர கால ஒத்திகை நடத்தியது. மேட்டுத் தெருக்காரர்கள் சட்டை கசங்காமல் வந்து மீட்பார்கள். ஆற்றோரத் தெருக்காரர்கள் படுத்துக்கொண்டு மீட்கப்படுவார்கள். தையல்காரிக்குப் பதினோரு வருஷமும் கால்முறிவு. அவள் கத்துகிற கத்தலில் கடைத்தெருவில் பார்ப்பவர்கள்கூட, "கால் இப்ப தேவலையாம்மா?" என்று விசாரிப்பார்கள்.

அந்த வருஷம்தான் சமத்துவ அலுவலர் என்று ஒருவர் புதிதாக வந்தார். நல்ல மனிதர். பழைய ஒத்திகைப் படங்களை எல்லாம் வரவழைத்துப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாப் படத்திலும் படுத்திருப்பவர் கறுப்பு, குனிந்து நிற்பவர் வெள்ளை. இந்த அநீதியை இனி ஒரு நாளும் பொறுப்பதில்லை என்று அவர் கூட்டம் கூட்டினார். 'இடர்ப் பாத்திரப் பங்கீட்டுச் சமன்செய் திட்டம்' பிறந்தது. இதுவரை பதினோரு ஆண்டும் ஆற்றோரத் தெருவே படுத்துவிட்டதால், அடுத்த பதினோரு ஆண்டுகளுக்கு மேட்டுத் தெரு படுக்கும். ஆற்றோரத் தெரு மீட்கும். ஒத்திகையிலும் அப்படியே, உண்மையிலும் அப்படியே. ஒத்திகையில் ஒரு நீதி, வெள்ளத்தில் ஒரு நீதி என்று இருந்தால் அதற்குப் பெயர் சமத்துவமா?

தையல்காரி எழுந்தாள். "எல்லாம் சரிங்க. படகை மட்டும் எங்க தெருவுல வச்சிருங்க."

அலுவலர் அவளைப் பரிவோடு பார்த்தார். "படகு வேணும்னு கேக்குறதே பாதிக்கப்பட்டவங்களோட மனநிலைம்மா. அதிலேருந்து நீங்க முதல்ல வெளிய வரணும்."

"தண்ணியிலேருந்து வெளிய வரத்தாங்க படகு கேக்குறேன்."

"நீங்க இனிமே மீட்பாளர். படகு, மீட்கப்படுறவங்க இருக்கிற இடத்துலதானே இருக்கணும்? நீங்களே சொல்லுங்க."

அவள் மறுபடி கையைத் தூக்கினாள். அதற்குள் மஞ்சள் ஜாக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். முதுகில் பெரிய எழுத்தில் 'மீட்பாளர்'. ஆற்றோரத் தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. பால் வாங்கப் போகும்போதும் ஜாக்கெட், கல்யாணத்துக்கும் ஜாக்கெட். உண்மையைச் சொன்னால் தையல்காரியும் தன்னுடையதை இடுப்பில் இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்துக்கொண்டாள். நன்றாகவே இருந்தது.

நாலு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் ஆறு அவள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. அவள் அவசர உதவி எண்ணைக் கூப்பிட்டாள்.

"வணக்கம். நீங்க மீட்பாளரா, மீட்கப்படுபவரா?"

"வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணிங்க! நடக்க முடியாத பெரியவர் ஒருத்தர் இருக்காரு."

"எந்தத் தெரு?"

"ஆற்றோரத் தெரு."

"அப்ப மீட்பாளர். நல்லவேளை கூப்பிட்டீங்க! உங்க தெருவுலேருந்து இன்னும் ஒருத்தரும் வந்து சேரலையே. இங்க ஜனங்க ரெண்டு மணி நேரமா படுத்துக் கிடக்குறாங்க."

"படகை அனுப்புங்க!"

"படகு மேட்டுத் தெருவுல தயாரா நிக்குது."

"அங்க தண்ணி இருக்கா?"

"தண்ணி எங்க துறை இல்லைம்மா," என்று குரல் போனை வைத்துவிட்டது.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தண்ணீரிலேயே எறிந்திருப்பாள்; ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை. பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியனையும் அவன் தம்பிகள் இருவரையும் கூப்பிட்டாள். வெட்டு மேசையின் பலகையைக் கழற்றி, மாமனாரை அதில் உட்கார வைத்து, நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். பெரியவர் பலகையில் இருந்தபடியே, "இடது பக்கம் ஒடி, வளைவுல மெதுவா" என்று ஓட்டிக்கொண்டு வந்தார். மேடேறியபோது அவருக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டது.

மேட்டுத் தெருச் சமூகக் கூடத்தின் வாசலில், சொட்டுத் தண்ணீர் தேங்காத தார் ரோட்டில் படகு நின்றது. படகில் இரண்டு பேர் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, பிடியை இறுகப் பற்றி உட்கார்ந்திருந்தார்கள். கூடத்துக்குள் வரிசையாகக் கட்டில்கள், கம்பளிகள், சூடாக டீ. ஒவ்வொரு கட்டிலிலும் மேட்டுத் தெருக்காரர் ஒருவர் நெஞ்சில் அட்டையோடு மரியாதையாகப் படுத்திருந்தார். முதல் கட்டிலில் டீச்சர். தையல்காரியிடம் பல வருஷமாக ரவிக்கை தைத்துக்கொள்பவர். அவர் அட்டையில் 'கால்முறிவு' என்று எழுதியிருந்தது.

"வந்துட்டியா! எனக்குக் கத்தவே வரமாட்டேங்குது. நீ எப்படிக் கத்துவே?" என்றார் டீச்சர்.

"டீச்சர், கொஞ்சம் எந்திரிங்க. மாமா நனைஞ்சு நடுங்குறாரு, படுக்க வைக்கணும்."

டீச்சர் பாதி எழுந்தேவிட்டார். பிறகு முகம் வாடி மறுபடி படுத்துக்கொண்டார். "கொடுக்கத்தாம்மா மனசு துடிக்குது. ஆனா அவர் படுத்து நான் நின்னா, அது அந்தப் பழைய படம் ஆயிடாதா? மூணு நாள் பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கேன். தெரிஞ்சே உங்களுக்கு அந்த அவமானத்தைச் செய்ய என்னால முடியாது."

அடுத்த கட்டிலில் கேட்டாள். அவரும் பயிற்சி வகுப்புக்குப் போனவர். அதற்கடுத்தவர் கண்ணீரே விட்டார், எழுந்திருக்கவில்லை.

அலுவலர் ஓடி வந்தார். பெரியவரைப் பார்த்ததும் பதறிப்போய், "ஐயோ, இவருக்கு ஜாக்கெட் கொடுக்கலையா?" என்றார்.

"நான் யாரையும் மீட்கலைப்பா," என்றார் பெரியவர், பல் தந்தியடிக்க. "முதுகைச் சாய்க்க ரெண்டு சாண் இடம் குடு, போதும்."

"உங்களைச் சாய விடுற காலம் போயிடுச்சு ஐயா!" என்று அலுவலர் தழுதழுத்துச் சொல்லி, தன் கையாலேயே அவருக்கு ஜாக்கெட் மாட்டிவிட்டார். டீச்சரைத் தள்ளுகட்டிலுக்கு மாற்றினார்கள். அதன் கைப்பிடியைப் பெரியவர் பிடித்துக்கொண்டார். அவர் டீச்சரைத் தாங்குவதுபோல் இருந்தது. உண்மையில் கட்டில்தான் அவரைத் தாங்கியது. தண்ணீருக்குத் தப்பி மேடேறி வந்த ஆற்றோரத் தெருக்காரர்களையும் பின்னால் நிறுத்தி, "நிமிருங்க!" என்றார் படம் எடுப்பவர். அத்தனை வேதனையிலும் பெரியவர் நிமிர்ந்தார்.

அதன்பிறகு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளி. பிழைத்தது பெரும்பாடு. வைத்த நாலு எட்டும் போய், சக்கர நாற்காலிதான் கதி என்று ஆனது. தையல் மிஷினில் சேறு புகுந்துவிட்டது. இந்தத் தடவை விடுவதில்லை என்று தையல்காரி வீடு வீடாக ஏறி இறங்கினாள். அடுத்த கூட்டத்துக்கு மாமனாரைத் தள்ளிக்கொண்டு போனபோது தெருவே அவள் பின்னால் வந்தது. படகு வராமல் எழுந்திருப்பதில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்திருந்தார்கள்.

அவள் வாயைத் திறக்கும் முன்பே விளக்கை அணைத்து, சுவர் அகலத்துக்கு அந்தப் படத்தைக் காட்டினார்கள். மஞ்சள் ஜாக்கெட்டில் பெரியவர் தேர்ப்பாகன் மாதிரி நிமிர்ந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஆற்றோரத் தெரு முழுக்க நின்றது.

"பாருங்க," என்றார் அலுவலர். "இந்த வெள்ளத்துல உங்க தெருவுல ஒருத்தர்கூட விழலை. விழுந்து கிடந்தது பூரா மேட்டுத் தெரு. அதனால படகை நிரந்தரமா மேட்டுத் தெருவுலேயே வைக்கிறதுன்னு..."

மிச்சம் யார் காதிலும் விழவில்லை. தெரு முழுதும் சுவரில் தன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தது. "ஏய், அது நானு!" என்றான் எலெக்ட்ரீஷியன். பெரியவர் மருமகள் கையைப் பிடித்து இழுத்தார். "ஏம்மா, நான் நல்லாத்தானே நிக்கிறேன்?"

"ராஜா மாதிரி நிக்கிறீங்க மாமா," என்றாள். யாரோ கைதட்டத் தொடங்க, அவளும் தட்டினாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு எழுதினார்: 'ஆற்றோரத் தெரு மக்களின் பலத்த கரகோஷத்துக்கிடையே தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.'