எங்கள் முற்றத்தில் மட்டும் பெய்த மழை

காலநிலை மாறினால் ஊர்கள் எப்படிச் சமாளிப்பது என்று அரசுக்குத் திட்டம் எழுதிக் கொடுப்பது என் தொழில். மேடையில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் 'நிபுணர்' என்பார்கள். முன்வரிசையில் இருக்கும் என் மனைவி ஜெஸி அப்போது மட்டும் குனிந்துகொள்வாள். சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில், கல்யாணமான புதிதில், பாறசாலைக்குப் பக்கத்தில் எல்லையோரம் குடியிருந்தோம். வீடு கேரளம்; வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த கிணறு தமிழ்நாடு. (வேலியில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி உண்டு. அதுதான் எங்கள் செக்போஸ்ட்.) மழையைக் கண்காணிக்கும் ஒரு திட்டத்தில் எனக்குத் தற்காலிக வேலை. முற்றத்தில் வைத்த மழைமானியில் சேர்ந்த தண்ணீரைத் தினமும் காலையில் அளந்து திருவனந்தபுரத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மழையே இல்லாத இடத்தில் ஆள் எதற்கு, எடுத்துவிடலாமா என்று மேலதிகாரி கேட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணத்தை ஜெஸியிடம் சொன்னேன்.

அடுத்த வாரமே மழைமானியில் தண்ணீர்! கொஞ்சம்தான், ஆனால் தினமும். சுற்றியுள்ள ஊர்களில், பனச்சமூட்டில் இல்லை, கள்ளிக்காட்டில் இல்லை, எங்கள் முற்றத்தில் மட்டும். காலடியில் புழுதி பறந்தது. அதைப் பார்க்க எனக்கு ஏது நேரம்? ரப்பர் தோட்டமும் மலைக்காற்றும் சேர்ந்து விடியற்காலையில் தூறலை உண்டாக்குகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். (வெளிநாட்டில் பேசக் கூப்பிட்டால் கோட்டு தைக்க வேண்டுமே என்ற கவலை வேறு.)

அந்தத் தூறலைக் கண்ணால் பார்க்க மேலதிகாரி இரண்டு விஞ்ஞானிகளோடு வந்தார். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள், தூறலைத் தவறவிடக் கூடாதென்று விடியும்போதே வந்துவிட்டார்கள். ஜெஸியைக் காணவில்லை. நான் ரோட்டுக்கு ஓடி அவர்களை அழைத்துவந்து பலாமரத்தடியில் நிறுத்தினேன். எல்லோரும் வானத்தைப் பார்த்தோம்.

வேலி இடைவெளி வழியாக ஜெஸி வந்தாள், கையில் செம்போடு. தலையில் முக்காடு போட்டு ஒரு சின்ன ஜெபம் சொன்னாள். பிறகு மழைமானியில் பார்த்துப் பார்த்து ஊற்றினாள். மழை பெய்து முடிந்தது.

நிமிர்ந்தவள் எங்களைப் பார்த்தாள். ஓடி ஒளியவில்லை. நேராக மேலதிகாரி முன்னால் வந்து நின்றாள்.

"சார், அவியளுக்க வேலைய எடுத்துப்போடாதுங்கோ. நெசமான மழ வாறது வரைக்குந்தான் ஆக்கும் நான் ஊத்துதேன்."

எந்த ரப்பர் மரத்தில் ஏறி ஒளியலாம் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால், எனக்காக ஒருத்தி விடியுமுன் எழுந்து மழை பெய்வித்திருக்கிறாள்.

மேலதிகாரி செம்பை எட்டிப் பார்த்தார். பிறகு, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று மலையாளத்தில் கேட்டார். அவள் வேலிக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

"அப்போ இது தமிழ்நாட்டு மழையாணல்லோ," என்று அவர் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அளக்கிற வேலை போயிற்று. மழை இல்லாதபோது ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்கிற வேலையைக் கொடுத்தார்; உன் வீட்டிலிருந்தே தொடங்கு என்றார். இன்றைய நிபுணர் அப்படித்தான் உருவானார்.

இப்போதும் தூறல் விழுந்தால் மகள் கேட்பாள்: "அப்பா, இது மேல உள்ள மழையா, அம்மைக்க மழையா?" மழை பொய்த்து நான் முகம் வாடி முற்றத்தில் நின்றால், அடுக்களையிலிருந்து ஜெஸியின் குரல் வரும்.

"செம்ப எடுக்கட்டா?"