கனகவதியின் மிஸ்டு கால் ஒழிக்கப்பட்ட வரலாறு

பகைவர் படையிடமிருந்து மக்களைக் காத்த அரசுகள் உலகில் பல உண்டு. வெள்ளத்திலிருந்து காத்தவை உண்டு. கொள்ளைநோயிலிருந்து காத்தவையும் உண்டு. ஆனால் ஆரணியில் பட்டுப்புடவை விற்கும் ஓர் அம்மாளின் மிஸ்டு காலிலிருந்து ஒரு தேசத்தையே காத்த பெருமை, நம்முடைய தேசியத் தொலைபேசி ஒழுங்கு வாரியத்துக்கே உரியது. இந்த வீர வரலாறு இதுநாள் வரை பாடப்புத்தகத்தில் ஏறாமல் இருப்பது வெட்கக்கேடு.

அந்த அம்மாளின் பெயர் கனகவதி. தமிழ்ச் சமணரான நயினார் வீட்டுப் பெண். கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. முன்னறையில் ஒரு பீரோ, கையில் ஒரு பட்டன் போன். நெசவாளர்களுக்குப் பட்டு நூல் கொடுத்து நெய்து வாங்கி, கல்யாண வீடுகளுக்குக் கூரைப்புடவை விற்பது தொழில். பெரணமல்லூர், சேத்துப்பட்டு, வெம்பாக்கம் பக்கம் எந்த வீட்டில் பெண்ணுக்கு நிச்சயம் ஆனாலும் ஜோசியருக்கு அடுத்தபடி கனகவதிக்குத்தான் தேதி தெரியும்.

போனை வைத்துத்தான் அவளுடைய வியாபாரம். ஆனால் போனில் பேசமாட்டாள். தறியில் பாவு நூல் பூட்டியதும் பெண் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால். முந்தானை நெய்யத் தொடங்கியதும் இரண்டு. புடவையை அறுத்து இறக்கியதும் மூன்று. மூன்று வந்துவிட்டால் அவர்கள் வெற்றிலை பாக்கோடு பஸ் ஏறி வந்து புடவையை வாங்கிப் போவார்கள். பேசினால் காசு பிடித்த காலத்தில் தொடங்கிய வழக்கம் இது. பேச்சு மலிந்த பிறகும் மாறவில்லை. ஒருமுறை தெரியாத்தனமாக எடுத்து "அலோ" சொல்லிவிட்ட கல்யாணப் பெண்ணின் தகப்பனார் ஒருவரை அவருடைய ஊரில் இன்னும் கேலி பேசுகிறார்கள்.

வாரியம் அந்தச் சமயத்தில்தான் தொல்லை அழைப்புகளைப் பிடிக்க ஒரு 'செயற்கை நுண்ணறிவு'க் கருவியை வாங்கியிருந்தது. கருவி கண்விழித்ததும் ஆரணியைப் பார்த்தது. ஓர் எண்ணிலிருந்து வருஷக்கணக்காக அழைப்புகள் போகின்றன. அந்த ஒரு "அலோ"வைத் தவிர ஒரு வார்த்தைகூடப் பேசப்படவில்லை. இத்தனை பேரை அழைத்து யாரிடமும் பேசாமல் இருப்பவள் எவ்வளவு பெரிய சதிகாரியாக இருக்க வேண்டும்! கருவி பதறிப்போய் எல்லா வீடுகளுக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியது: 'இந்த எண் உங்களை வணிக நோக்கத்தில் அழைத்ததா? ஆம் எனில் 1 என்று பதில் அனுப்பவும்.'

அவர்கள் பொய் சொல்லிப் பழகாதவர்கள். புடவை விற்பது வணிகம்தானே? ஒன்றை அனுப்பினார்கள். 'தகவல் வந்து சேர்ந்ததா' என்று கனகவதிதான் கேட்கிறாள் என நினைத்துச் சிலர் சந்தோஷமாக இரண்டு தடவை அனுப்பினார்கள். அன்றோடு அவளுடைய எண்ணிலிருந்து வெளியே போகும் அழைப்புகள் நிறுத்தப்பட்டன. உள்ளே வரும் அழைப்புகளை மட்டும் வாரியம் கருணையோடு விட்டுவைத்தது.

இந்த நடவடிக்கை அவளுக்கு உடனே 'முறைப்படி' தெரிவிக்கப்பட்டது. எப்படி என்றால், அவள் யாரை அழைத்தாலும் ஒரு பெண் குரல் அவள் காதில் விவரம் சொல்லும். கனகவதி போனைக் காதில் வைத்தால்தானே? எண்ணை அழுத்துவாள், மூச்சு விடும் நேரம் பொறுப்பாள், துண்டிப்பாள். அந்தக் குரல் பல நாள் அவள் மடியில் கிடந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜெயம் வந்தாள். கனகவதிக்குப் புடவை நெய்து தருகிறவள்.

"இன்னாக்கா, பொடவைய அடுக்கிகினே போற? யாரும் வரலையா?"

"எல்லாருக்கும் மூணு குடுத்துட்டேன் ஜெயம். நீ நெய்ஞ்ச அரக்குப் பொடவ, பெரணமல்லூர் எழிலரசிக்கு. வியாழக்கிழம விடிஞ்சா கல்யாணம். அவங்கம்மா சின்னபொண்ணு இன்னும் வரல."

ஜெயம் போனை வாங்கி, எண்ணை அழுத்தி, மரபை மீறிக் காதில் வைத்தாள். அவள் முகம் மாறியது.

"யக்கா, ஒருத்தி பேசிகினு கீறாக்கா. உன்னுது தொல்லை நம்பராம். நிறுத்திட்டாங்களாம்!"

ஜெயத்தின் போனிலிருந்து அழைத்தார்கள். சின்னபொண்ணு எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? 'தெரியாத எண்ணை எடுக்காதீர்' என்று டீக்கடைச் சுவர் வரை எழுதிவைத்து, வாரியம் அவளைப் பழக்கி வைத்திருந்தது.

"நாளைக்கு மண்டபத்துல போன் ஆபீசருங்க கூட்டம் போடறாங்களாம். ஜல்தியா போயி கேளுக்கா. நம்பரு வந்துட்டா எல்லா வூட்டுக்கும் சொல்லிடலாம்" என்றாள் ஜெயம்.

புதன்கிழமை காலை 'நுகர்வோர் விழிப்புணர்வு மாநாடு' குத்துவிளக்கோடு தொடங்கியது. உருளைக்கிழங்கு போண்டா கொடுத்தார்கள். கனகவதி அதைத் தொடாமல் எழுந்து நின்று, அரக்குப் புடவைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன் கதையைச் சொன்னாள். வாரியத்தின் மண்டல ஆலோசகர் ராஜேஷ் கண்ணை மூடிக் கேட்டார்.

"அம்மா, நீங்க வணிக அழைப்பு செய்யலாம். தப்பே இல்லை. பதிவு பண்ணிட்டுச் செய்யணும்."

"பண்ணிக்கிறேங்க. இப்பவே பண்ணுங்க."

"அழைப்புல என்ன சொல்வீங்களோ அந்த வாசகத்துக்கு முன் அனுமதி வாங்கணும். வாசகம் என்ன?"

"வாசகம் இல்லீங்க. மிஸ்டு காலு."

"சரி, அந்த மிஸ்டு கால்ல என்ன சொல்வீங்க?"

"ஒண்ணும் சொல்லமாட்டேங்க."

"ஒண்ணும் சொல்லாததுக்கு எப்படிம்மா அனுமதி தர முடியும்? நாளைக்கு நீங்க வேற எதையாவது சொல்லாம விட்டா யார் பொறுப்பு?"

மண்டபமே அசந்துபோனது. அப்போது அவருடைய போன் ஒலித்தது. ஆலோசகர் முகம் மலர்ந்து, ஒலிபெருக்கியில் வைத்தார். "ஒரிஜினல் ஆரணிப் பட்டு! பாதி விலை! வீட்டுக்கே வரும்!" என்று அது கூவியது.

"பாருங்க, திரையில பேரும் பச்சை டிக்கும் வருது. முறையாப் பதிவு செய்த நிறுவனம். பதிவு செய்த தொல்லை தொல்லையே இல்லை."

"ஆரணிப் பட்டு பாதி வெலைக்கு எப்பிடிங்க வரும்? நூலுக்கே கட்டாதே!"

"பட்டு எங்க வரம்புல வராதும்மா. டிக் மட்டும்தான் எங்க வரம்பு."

கைதட்டல் எழுந்தது. போண்டா இரண்டாம் சுற்று வந்தது. இப்படி ஒரு தெளிவான பதிலுக்காகத்தானே இவ்வளவு பெரிய வாரியத்தை நாம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறோம்!

கனகவதி நேரே பஸ் ஏறினாள். பெரணமல்லூரில் பந்தல் போட்டாயிற்று, வாழைமரம் கட்டியாயிற்று. அவளைக் கண்டதும் சின்னபொண்ணு ஓடிவந்தாள். கையிலிருந்த பையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"மூணு வரலையேக்கா... ரெண்டோட நின்னுபோச்சு. தறியில ஏதோ கோளாறு, நீ சொல்றதுக்குச் சங்கடப்பட்டுகினு கீறன்னு நெனச்சிட்டோம்."

"அதான் எடுத்துகினு வந்துட்டேனே. வாங்கிக்க."

"வேற வாங்கிட்டோம்க்கா. போன்ல ஒருத்தன் கூப்ட்டான். பச்ச டிக்கு வந்துச்சு, நம்பி வாங்கினோம். காலைல கொலசாமிக்கு வெச்சுப் படைச்சாச்சு. படைச்ச கூரப்பொடவைய மாத்தக்கூடாதே!"

எழிலரசி உள்ளே தட்டில் இருந்த புடவையைக் கொண்டுவந்து காட்டினாள். கனகவதி அதை விரலால் ஒருமுறை நெருடிப் பார்த்தாள். பட்டு அதில் ஓர் இழைகூட இல்லை; மழைக்கோட்டுத் துணி மாதிரி வழுக்கியது. நிறம் விரலில் ஒட்டியது. அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாகீதா பெரிம்மா?"

"நல்லாகீது கண்ணு. நல்லா இரு."

வாழ்நாளில் சரக்கைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது. தெருமுனை வரை அழாமல் நடந்துவிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் அவளுடைய போன் ஒலித்தது. எத்தனையோ நாள் கழித்து வருகிற முதல் அழைப்பு. எடுத்துக் காதில் வைத்தாள்.

"வணக்கம். தேசியத் தொலைபேசி ஒழுங்கு வாரியம். எங்கள் நடவடிக்கையால் உங்கள் பகுதியில் தொல்லை ஒழிந்துவிட்டதா? ஆம் எனில் ஒன்றை அழுத்தவும். இல்லை எனில், உங்கள் எண்ணிலிருந்து எங்களை அழைத்துத் தெரிவிக்கவும்."

கனகவதி அழைத்துப் பார்த்தாள். அந்தப் பெண் குரல் மறுபடி விவரம் சொல்லத் தொடங்கியது. இந்த முறை கடைசி வரை கேட்டாள்.

ஆரணி வட்டாரத்தில் ஒருவர்கூட 'இல்லை' என்று சொல்லவில்லை என வாரியத்தின் ஆண்டறிக்கை பெருமையோடு குறிப்பிடுகிறது. அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. நம் நாட்டில் இனித் தொல்லைக்காரர்களே கிடையாது. திருடர்கள் மட்டும்தான் பாக்கி, அவர்களும் வாரியத்திடம் முறையாகப் பதிவு செய்துகொண்டவர்கள்.