புழுக்கடை அனுபவம்

காலை ஒன்பதுக்குள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். மூவருமே தகுதியானவர்கள். ஆர்விட் ‘சொல்லி அனுப்புகிறேன்’ என்று மூவரையும் திருப்பி அனுப்பினார்.

அவருடைய பாலாடைக்கட்டிக் கிடங்கில் ஒரே ஒரு வேலைதான் காலி. அது மச்சான் லானிக்கு. விஸ்கான்சினின் குளிருக்குப் பயந்து இவர் வீட்டு அடித்தள அறைக்குள் வந்தவன், பதினான்கு மாதமாக சோபாவோடு சோபாவாகக் கிடக்கிறான். முதல் சம்பளம் வந்த அன்றே அவனைத் தனி வீட்டுக்கு அனுப்ப மனைவி ஜோலீன் சம்மதித்திருந்தாள்.

ஆனால் புது ஆளின் சம்பளத்தில் பாதியை மாநில வேலைவாய்ப்பு மையம் தரும். அதற்கு அங்கே விளம்பரம் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் லானியைவிடத் தகுதியானவர் வந்தால் அவரைத்தான் எடுக்க வேண்டும்.

ஆர்விட் மையத்து ரோண்டாவுக்குப் போன் போட்டார்.

“ஒரு தகுதி விட்டுப்போச்சும்மா. தூண்டில் புழு விக்கிற கடையில மூணு வருஷ அனுபவம் வேணும்.”

“பாலாடைக்கட்டிக் கிடங்குக்கா சார்?”

“ரெண்டும் குளிர்பெட்டிச் சமாச்சாரம்தானே!”

லானி முன்பு அப்படியொரு கடையில்தான் இருந்தான். அவனைத் தவிர யாருக்கு இருக்கும் அந்த அனுபவம்? மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். சான்றிதழ் கேட்கவே தேவையிருக்கவில்லை. வாசலிலேயே புழு மணத்தது.

யாரோ உளவு சொல்கிறார்கள். எதிர்த்தெருக் கிடங்குக்காரனா? ரோண்டாவேதானா? லானிக்குத் தெரிந்த இன்னொரு வித்தை ஞாபகம் வர, மறுபடி அவளுக்கே போன் போட்டார்.

“அக்கார்டியன் வாத்தியமும் வாசிக்கத் தெரியணும்மா. கோடைச் சந்தையில கூட்டம் சேர்க்க.”

“சார், உங்க மேல எனக்குச் சந்தேகமா இருக்கு.”

“எனக்கும்தான் உங்க மேல.”

வியாழக்கிழமை பெரிய பெட்டியோடு ஒரு தடியன் வந்தான். பெயர் ஸ்டான்லி. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டிக் காட்டினான். புழுக்கடையில் ஐந்து வருடம் என்றான். பெட்டியிலிருந்து அக்கார்டியனை எடுத்துப் போல்கா நடன மெட்டு இரண்டு வாசித்தான். கட்டிகளைப் பொதிந்துகொண்டிருந்த பெண்கள் கையுறையோடு ஆடினார்கள்.

வீட்டில் ஜோலீன் தட்டை ‘ணங்’கென்று வைத்தாள்.

“யோவ், நீதானே இவனுங்களை வரவழைக்கிற? என் தம்பி உருப்படக் கூடாது, அதானே?”

“அவன் உருப்பட்டாத்தான்டி எனக்கு என் சோபா திரும்பக் கிடைக்கும்!”

அவள் நம்பவில்லை. இரவு அவர் பக்கத்துப் போர்வையும் காணாமல்போனது.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் ஸ்டான்லிக்கு வேலை கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு மையத்துக்குப் போய் மேசையைத் தட்டினார்.

“யாரும்மா எனக்கு எதிரி? அந்த ஒரு பேரை மட்டும் சொல்லு.”

ரோண்டா வியப்போடு நிமிர்ந்தாள்.

“எதிரியா? உங்க மச்சான் லானி சார், தங்கமான மனுஷன்! தான் முன்ன வேலை பாத்த புழுக்கடை மூடினதுல வேலை போன அத்தனை பேரையும் நாலு நாளா அவரே கார்ல கூட்டிட்டு வந்து, ‘சீக்கிரம் யாரையாவது அங்க சேத்து விடுங்க மேடம், இல்லேன்னா என்னைச் சேத்துடுவாங்க’ன்னு கெஞ்சிட்டே இருந்தார்.”