அத்தையைத் தடுத்த பெட்டி

இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று கம்பிக்காரர் தீர்மானித்தார். இதற்கு முன்பும் அவர் பல முடிவுகளைக் கட்டியவர்தான். கட்டிய எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நின்றதில்லை. ஆனால் இந்தத் தடவை கையில் ஆயுதம் இருந்தது.

ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒன்றோடொன்று இணைத்துக் கட்டிக் காப்பது அவர் வேலை. தோளில் எப்போதும் ஒரு சுருள் கேபிள் தொங்குவதால் குடியிருப்பில் அவருக்குக் கம்பிக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. மனைவி கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, கற்றுக்கொள்ள வந்தவரை அவர் இஷ்டத்துக்கு ஓட்டவிடுகிற பொறுமைசாலி. வீட்டிலும் அவள் ஏறக்குறைய அப்படித்தான்.

பிரச்சினை மாமியார். நல்லவர்தான், தூரத்தில் இருப்பதால் ரொம்ப நல்லவர். ஆனால் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ காலில் வந்தார் என்றால் ஒன்பது வரை அசையமாட்டார். அதுதான் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம். தண்ணீர் ஜக்கில் சாய்த்துவைத்த டேப்லட்டுக்குள் இருந்தபடி மாமியார் மேஜை முழுவதையும் மேற்பார்வை பார்ப்பார். மாப்பிள்ளை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால், சர்க்கரை இருக்கிற உடம்பாயிற்றே என்று கவலைப்படுவார். போட்டுக்கொள்ளாவிட்டால், இளைத்துப்போய்விட்டாரே என்று கவலைப்படுவார். பேசாமல் சாப்பிட்டால் வீட்டில் ஏதாவது சண்டையா என்று மகளிடம் விசாரிப்பார். அதையும் மாப்பிள்ளைக்குக் கேட்கிற மாதிரிதான் விசாரிப்பார்.

கரண்டிக் கணக்கு மட்டும் இல்லை கம்பிக்காரரின் வருத்தம். பெண்டாட்டியோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிச் சிரித்துச் சாப்பிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. கல்யாணமான புதிதில் அப்படித்தான் சாப்பிட்டார்கள். அதை இத்தனை வருஷம் கழித்து வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னால், எங்க அம்மாவைப் பிடிக்கலையா என்று பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

இந்த நேரத்தில்தான் ஆபீசில் ஒரு பழைய ஃபயர்வாலைக் கழித்துக்கட்டினார்கள். ஃபயர்வால் என்றால் ஒரு தட்டைப் பெட்டி. வாசல் காவலாளி மாதிரி. இன்டர்நெட்டில் எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம், எத்தனை மணிக்குப் போகலாம் என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். மேனேஜரிடம் கேட்டு வாங்கி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

இது எதற்கு என்று மனைவி கேட்டாள். திருடர்கள் இன்டர்நெட் வழியாக வருகிறார்கள் என்றார்.

"நம்ம வீட்டுல திருட என்னங்க இருக்கு?"

"நம்ம தகவல்."

"அது அம்மாகிட்டயே கேட்டா சொல்லிடுவாங்களே, இவ்வளவு தூரம் எதுக்கு வரணும்?" என்று சொல்லிவிட்டு அவள் காய் நறுக்கப் போய்விட்டாள். கம்பிக்காரர் பெட்டியை மேஜைக்கு அடியில் சுவரோடு சேர்த்துத் திருகி மாட்டினார்.

இங்கே அவருடைய தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை அவர் ஆபீசில் யாரோ கவனமில்லாமல் எதையோ தட்டி, கம்பெனி முழுவதும் பாதி நாள் படுத்துவிட்டது. அன்றிலிருந்து அங்கே ஒரு விதி: எந்தக் கட்டளையையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் என்டர் தட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் தப்பிருந்தால் தடுப்பார். மற்றவர்கள் அதை ஒரு மாதம் கடைப்பிடித்தார்கள். கம்பிக்காரருக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. ஏடிஎம்மில் அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் நல்லவர்களாக இருப்பதால்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கும் அவர் லேப்டாப்பைத் திறந்து, கணீரென்று ஆரம்பித்தார். "புது விதி. பெயர், அத்தை. வீடியோ கால், வீடு முழுக்க. ஏழிலிருந்து ஒன்பது வரை. தடு." என்டர். "பாஸ்வேர்டு..." அதையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார். என்டர்.

சமையலறையில் நறுக்கும் சத்தம் கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது, முன்னைவிட நிதானமாக.

சாயங்காலம் ஏழு மணி. டேப்லட்டில் வட்டம் சுற்றியது; மாமியார் வரவில்லை. "லைன்ல ஏதோ கோளாறு போல" என்றாள் மனைவி. கம்பிக்காரர் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டார். இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு மாணவர் பிரேக் என்று நினைத்து வைப்பரைப் போட்ட கதையை அவள் சொன்னாள். அவர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். கேட்காமலேயே இன்னொரு கரண்டி விழுந்தது. மறுநாளும் அப்படியே. அவருக்குச் சொர்க்கம் என்பது மேஜையில் டேப்லட் இல்லாத இடம் என்று தோன்றியது.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம், சாப்பாட்டுக்குத் தட்டுகளைக் கழுவிக்கொண்டே மனைவி சாதாரணமாகச் சொன்னாள்.

"அம்மாவுக்கு மனசே சரியில்லையாம். போன்ல குரல் மட்டும் கேட்டா போதலையாம். நம்ம முகத்தைப் பாக்கணுமாம்."

"பாவம்" என்றார் கம்பிக்காரர், தாராளமாக.

"அதான் நேர்லயே வரேன்னாங்க. லைன் சரியாகிற வரைக்கும் இங்கயே இருப்பாங்களாம். உங்க கம்ப்யூட்டர் ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடலாம், இல்லங்க?"

கம்பிக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். டேப்லட்டில் இருந்தால் ஒன்பது மணிக்காவது அணையும். நேரில் வந்தால் எந்தப் பொத்தானை அழுத்துவது? லைனை இப்போதே சரிசெய்துவிடுகிறேன், அவர்களை அலைக்கழிக்க வேண்டாம் என்று அவசரமாகச் சொல்லிவிட்டு மேஜைக்கு ஓடினார்.

போட்ட விதியை எடுப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் பெட்டி உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி சொல்லி, மறுபடி தட்டினார். தவறு. தான் வைத்த பாஸ்வேர்டைத் தானே மறந்துவிட்டோமோ என்று அவருக்கு வேர்த்தது. பேசாமல் பெட்டியைக் கழற்றி எறியலாம்தான். ஆனால், திருடன் வருவான்னீங்களே என்று அவள் கேட்பாள். தவிரவும், ஊருக்கெல்லாம் கோளாறு பார்க்கிறவன் சொந்த வீட்டுப் பெட்டியிடம் தோற்றுப்போவதா?

இதற்கென்றே பெட்டியின் முதுகில் கன்சோல் என்று ஒரு துளை உண்டு. முன்வாசல் பூட்டிக்கொண்டால் நுழைகிற கொல்லைப்புறக் கதவு அது. நெட்வொர்க் செத்தாலும் அந்தத் துளையில் ஒரு தனிக் கேபிளைச் செருகி லேப்டாப்போடு இணைத்தால் பெட்டி நேரடியாகப் பேசும். கம்பிக்காரர் மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்தார். மனைவி டார்ச்சோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உனக்கெதுக்கு சிரமம் என்று அவர் சொல்லிப்பார்த்தார். இதில் என்ன சிரமம் என்று அவள் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

கேபிளைச் செருகினார். திரை முழுக்கக் கோழி கிளறியதுபோல் கன்னாபின்னாவென்று எழுத்துகள் ஓடின.

"என்னங்க இது, பெட்டிக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சா?"

"ரெண்டும் ஒரே வேகத்துல பேசணும். இது ஒரு வேகம், அது ஒரு வேகம்."

"அப்ப கியரை மாத்திப் பாருங்க."

வேகத்தை மாற்றினார். எழுத்துகள் நல்ல பிள்ளையாக வரிசையில் நின்றன. ஆனால் பாஸ்வேர்டு மட்டும் இங்கேயும் தவறுதான். கடைசி வழி ஒன்று இருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டால், எழுந்ததும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும், பெட்டியின் அடியில் பொறித்த சீரியல் நம்பரைச் சொன்னால் உள்ளே விட்டுவிடும். அந்த நம்பரோ எறும்பு எழுதியதுபோல் இருந்தது. அவர் கழுத்தைத் திருகிப் படித்துவிட்டு லேப்டாப்புக்கு வருவதற்குள் கதவு மூடிக்கொண்டது. மறுபடி அணைத்தார். இந்தத் தடவை நடுவில் ஒரு எண் விட்டுப்போயிற்று. மறுபடியும் அணைத்தார். தலையை மேஜையில் இடித்துக்கொண்டார். கடைசியில் மனைவி டார்ச்சை அடித்து நம்பரை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லித் தட்ட, பெட்டி உள்ளே விட்டது.

கம்பிக்காரருக்கு வெற்றிக் களிப்பு. அந்தக் களிப்பில் பழக்கம் முந்திக்கொண்டது. திரையில் வந்த விதியை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். "பெயர், அத்தை. வீடியோ கால், வீடு முழுக்க. ஏழிலிருந்து..."

நிறுத்தினார். டார்ச் வெளிச்சம் மெதுவாகத் திரையிலிருந்து அவர் முகத்துக்கு வந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க? ஒன்பது வரை. தடு. நான் அன்னிக்கே முழுசாக் கேட்டாச்சு."

"பாஸ்வேர்டை மாத்தினது..."

"நான்தான். பழையதை மாடி வீடு வரைக்கும் கேக்கற மாதிரி சொன்னீங்க. வேற யாராவது மாத்தறதுக்குள்ள நாமளே மாத்திடலாம்னு பாத்தேன்."

அவர் மேஜைக்கு அடியிலேயே இருந்துவிடலாமா என்று யோசித்தார். பிறகு வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னார். அத்தைமேல் ஒரு கோபமும் இல்லை. உன்னோடு தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். அவள் டார்ச்சை அணைத்தாள். அவர் தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. சரி, அம்மாகிட்ட எதையும் சொல்லல. ஆனா அவங்க கிளம்பிடாம இருக்கணும்னா, லைன் சரியாயிடுச்சுன்னு நீங்களே கூப்பிட்டுச் சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க."

இவ்வளவு மலிவாகத் தப்பிப்போம் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. விதியை வாய்விட்டுச் சொல்லியே அழித்தார். டேப்லட்டை ஜக்கில் சாய்த்துவைத்துக் கூப்பிட்டார். மாமியார் திரையில் வந்தார். மாப்பிள்ளையைத் தனியாகப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறினார். ஒன்றுமில்லை, லைன் சரியாகிவிட்டது, இனி நீங்கள் கஷ்டப்பட்டுக் கிளம்பி வர வேண்டாம் என்று கம்பிக்காரர் பணிவாகச் சொன்னார்.

"நான் எங்க மாப்பிள்ளை கிளம்பினேன்? முழங்கால் வலியில வாசல் வரைக்கும் போகவே முடியல."

கம்பிக்காரர் மெல்லத் திரும்பினார். மனைவி தன் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு, பத்திரிகை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியபடி பால்கனிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளையே கூப்பிடுவது இதுதான் முதல் தடவை என்றார். மகள் எங்கே முகம் கொடுத்துப் பேசுகிறாள், டேப்லட்டை வைத்துவிட்டுத் தன் வேலையைத்தான் பார்க்கிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டார். இனிமேல் தினமும் உங்களோடுதான் பேசப்போகிறேன், உங்களுக்கு வேலை ஒன்றும் கெடாதே என்று ஆசையாகக் கேட்டார். கம்பிக்காரர் வாயைத் திறப்பதற்குள் பால்கனியிலிருந்து பதில் வந்தது.

"ஏழுலேருந்து ஒன்பது வரைக்கும் அவருக்கு ஒரு வேலையும் இல்லம்மா!"